பூண்டுக் கடுகுக்கு எழுதிய பாடம்: பாத்தீனியமும் ஒரு பொதுப் பட்டியலும் பற்றிய நிகழ்வு ஆய்வு

வலிகாமத்தில் ஒரு பாடசாலையின் சுற்றாடல் முன்னோடிக் குழுவுக்கு நான் பொறுப்பாசிரியராக இருக்கின்றேன். அயலிலுள்ள இரண்டு பாடசாலைகளின் விஞ்ஞான ஆசிரியர்களும், எங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தோடு சேர்ந்து பணியாற்றும் விவசாயப் போதனாசிரியர் ஒருவரும், நானுமாகக் கூடி, பாத்தீனியம் என்ற களைச்செடி பற்றிய கற்பித்தற் சாதனங்களை இணையத்திலுள்ள ஒரு பொதுப் பட்டியலிலிருந்து எடுத்துத் தமிழில் ஆக்க முயன்றோம். மாரி மழைக்கு முன் தொடங்கித் தைப்பொங்கலுக்குப் பின்னும் தொடர்ந்த அந்த முயற்சியில் எது கைகொடுத்தது, எது எங்களைப் பிழையான வழியில் இட்டுச் சென்றது, அதனால் ஒரு பிள்ளைக்கு என்ன நேர்ந்தது, அதன்பின் எவற்றை மாற்றினோம் என்பவற்றை, இதே வேலையில் இறங்க எண்ணும் ஆசிரியர்களுக்காக இங்கே பதிவுசெய்கின்றேன்.

பட்டியலும் அதன் நியாயமும்

பட்டியல் என்று நான் சொல்வது கோப்புகளைத் தன்னிடமே வைத்திருக்கும் களஞ்சியத்தை அன்று. பல்கலைக்கழக விரிவாக்கப் பிரிவுகளும் அரச திணைக்களங்களும் தொண்டு அமைப்புகளும் தத்தம் இணையத்தளங்களில் வைத்திருக்கும் சுவரொட்டி, பாடத்திட்டம், விளையாட்டு அட்டை, காணொளி, அடையாளங்காணும் கையேடு ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவை எழுதி, எல்லோரும் தேடக்கூடியதாக ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருப்பார்கள். தலைப்பு, இனம், எந்த வகுப்பினருக்கானது, என்ன வடிவம், எந்த மொழி, எந்த நிபந்தனையோடு பயன்படுத்தலாம் என்பன அந்தப் பதிவில் இருக்கும். கோப்பு உரியவரின் தளத்திலேயே இருப்பதால், அத்தளம் புதுப்பிக்கப்பட்டதும் இணைப்பு அறுந்துபோவது வழக்கம். எங்களுக்கும் பல அறுந்த இணைப்புகளே கிடைத்தன. அவற்றின் முழுத்தலைப்பை உரியவரின் தளத்துக்குள்ளேயே தேடியபோது பாதிக்கு மேற்பட்டவை வேறு முகவரிகளில் அகப்பட்டன.

இப்படியான பட்டியல்கள் வட அமெரிக்காவில் வேரூன்றியதற்குக் காரணம் இருக்கின்றது. 1988 இல் அங்குள்ள பெருவாவிகளில் கண்டறியப்பட்ட வரிச்சிப்பி, படகுகளின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டும் அவற்றில் தேங்கிய நீரில் கலந்தும் மாநிலம் மாநிலமாகப் பரவியது. ஒவ்வொரு மாநிலமும் ஒரே செய்தியை வெவ்வேறு சொற்களில் தனித்தனியாக அச்சிட்டுப் பணத்தைக் கரைப்பதிலும், ஒருவர் செய்ததை மற்றவர் எடுத்தாள்வது மேல். "கழுவு, வடி, உலர்த்து" என்ற மூன்று சொற்கள் எத்தனையோ வாவிகளின் படகுத் துறைகளில் ஒரே விதமாக எழுதப்பட்டிருப்பது இந்தப் பகிர்வின் பயனே. அந்த மூன்று சொற்களும் பின்னர் எங்கள் தோட்டக் காணிகளுக்கும் வந்து சேர்ந்தன. அதைப் பின்னால் சொல்கின்றேன்.

நாங்கள் பயன்படுத்திய பட்டியலின் குறைகளையும் இங்கே சொல்ல வேண்டியிருப்பதால் அதன் பெயரைத் தவிர்க்கின்றேன். இதே குறைகள் இந்த வகையைச் சேர்ந்த எதிலும் இருக்கக்கூடியவை.

எந்த இனம், எந்தப் பெயர்

முதற் கூட்டத்தில், உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்கள் என்ற பெயர்பெற்ற நிரலிலிருந்து தொடங்கலாம் என்று ஒருவர் முன்மொழிந்தார். இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியத்தின் நிபுணர் குழு 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட அந்த நிரலில் ஆகாயத்தாமரை இருக்கின்றது, உண்ணிச்செடி இருக்கின்றது, மழை பெய்த மறுநாள் எங்கள் மதில்களில் ஊரும் ஆபிரிக்கப் பெருநத்தையும் இருக்கின்றது. எங்கள் வீட்டு ஆடுகளுக்குக் குழையாக ஒடித்துப் போடும் இபில் இபில் கூட அதில் இருக்கின்றது. பாத்தீனியம் இல்லை. உலக நிரல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளூர்ப் பாடத்தைத் தொடங்கியிருந்தால், யாழ்ப்பாணத்து விவசாயியிடம் கேட்டால் முதலில் சொல்லக்கூடிய செடியை விட்டுவிட்டு, அவரது ஆட்டுத் தீவனத்தைக் குற்றஞ்சாட்டியிருப்போம்.

பாத்தீனியம் அமெரிக்க வெப்பவலயத்துக்குரியது. இந்தியாவில் 1950களின் நடுப்பகுதியில் பூனே நகரில் கவனிக்கப்பட்டுப் பின் நாடெங்கும் பரவியது. இலங்கையில் 1999 இல் வவுனியாவில் முதன்முதலாகப் பதிவாயிற்று. 1987 முதல் 1990 வரை இங்கு நிலைகொண்டிருந்த இந்திய அமைதி காக்கும் படையின் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு விதை வந்திருக்கலாம் என்பதே பொதுவான கருத்து. முளைத்து நான்கைந்து கிழமைகளில் பூக்கத் தொடங்கும். நன்கு வளர்ந்த ஒரு செடி பதினாயிரத்துக்கு மேற்பட்ட விதைகளை உதிர்க்கும். உழுது புரட்டிய நிலம், வீதியோரம், ஆட்களில்லாத காணி என்பன அதற்கு மிகவும் பிடித்தமானவை. முப்பதாண்டு இடப்பெயர்வும் மீள்குடியேற்றமும் கண்ட எங்கள் பகுதியில் இவற்றுக்குக் குறைவில்லை.

பெயரில் நாங்கள் இரண்டு முறை இடறினோம். முதலாவது, தேடலில். தமிழில் பார்த்தீனியம், பாத்தீனியம், பாதீனியம் என்று மூன்று விதமாகவும் எழுதுகின்றோம். பத்திரிகைகளிலும் துண்டுப்பிரசுரங்களிலும் மூன்றும் உண்டு. எங்கள் சாதனத்தைப் பின்னாளில் ஒருவர் தேடும்போது ஏதாவது ஓர் எழுத்துக்கூட்டலோடு நின்றுவிடக்கூடாது என்பதற்காக மூன்றையும் குறிச்சொற்களாகச் சேர்ப்பதென்று தீர்மானித்தோம். தாவரவியற் பெயரைக் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது இடறல் ஆழமானது. "ஆக்கிரமிப்பு அந்நிய இனங்கள்" என்பது அரச ஆவணங்களில் உள்ள சொற்றொடர். அதைக் கரும்பலகையில் எழுதியவுடன், தரம் 9 மாணவன் ஒருவன் தன் பேரனாரின் காணி எப்போது விடுபட்டது என்று சொல்லத் தொடங்கிவிட்டான். அவன் பிழையாக விளங்கிக்கொள்ளவில்லை. எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு அதுதான் முதற்பொருள். "ஊடுருவல்" என்று மாற்றிப் பார்த்தோம். அது செய்தி வாசிப்பில் கேட்ட சொல்லாக இருந்தது. "வந்தேறி" என்று ஒருவர் சொன்னார். மனிதரை மனிதர் ஏசும் சொல்லைச் செடிக்குக் கொடுத்துப் பிள்ளைகளின் வாயில் பழக்க நான் உடன்படவில்லை. ஈற்றில், கலைச்சொல்லை ஆசிரியர் குறிப்பில் மட்டும் வைத்துக்கொண்டு, மாணவர் தாளில் "கட்டுக்கடங்காமல் பரவும் களை" என்று எழுதினோம். நீளம் கூடினாலும், வகுப்பறையில் பேச்சு செடியைவிட்டு விலகவில்லை.

மாற்றிக்கொள்ளலாம் என்ற ஒரு வரி

பட்டியலில் எங்களை உடனே கவர்ந்த பாடத்திட்டம் ஒன்று இருந்தது. இடைநிலை வகுப்புகளுக்கானது, இரண்டு பாடவேளை வகுப்பறையிலும் ஓர் அரைநாள் வெளியிலும் நடத்த வேண்டியது. மாணவர் குழுக்களாகப் பிரிந்து களையைப் பிடுங்கி, எண்ணி, நிறுத்து, பைகளில் கட்டி, வரைபு வரைந்து, அடுத்த ஆண்டின் எண்ணிக்கையோடு ஒப்பிட வேண்டும். கணிதமும் விஞ்ஞானமும் சிரமதானமும் ஒரே அரைநாளில் அமைந்துவிடும் என்பதால் அதிபருக்கும் பிடித்துப்போயிற்று. இனம் என்ற இடத்தில் பூண்டுக் கடுகு என்று இருந்தது. இலையைக் கசக்கினால் உள்ளிப்பூண்டு மணக்கும், ஐரோப்பாவிலிருந்து வட அமெரிக்கக் காடுகளுக்குச் சென்ற, கடுகுக் குடும்பத்துச் செடி அது. ஆசிரியர் குறிப்பின் அடியில், உங்கள் பகுதியிலுள்ள வேறு களைகளுக்கும் இதனை மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு வரி. நாங்கள் பெயரை மாற்றினோம், படத்தை மாற்றினோம், மொழியை மாற்றினோம்.

மாற்றாமல் விட்டது எது என்பது கார்த்திகைக் கடைசியில், விளையாட்டு மைதானத்தின் பின்வேலியோரம் நடந்த சிரமதானத்தின் மறுநாள் காலையில் தெரியவந்தது. தரம் 8 மாணவன் ஒருவனின் தாயார் வாசலில் நின்றார். மகனின் கண்ணிமைகள் வீங்கியிருந்தன. முழங்கை மடிப்பிலும் மணிக்கட்டிலும் கழுத்திலும் தோல் சிவந்து தடித்திருந்தது. "ரீச்சர், உவன் நேற்று உங்களோடை புல்லுப் பிடுங்கினவன் எல்லோ" என்று மட்டுமே அவர் சொன்னார். குற்றஞ்சாட்டும் குரலாக அது இருந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். மருத்துவமனையில் மருந்து கொடுத்தார்கள். ஒரு கிழமைக்குப் பின் பையன் பாடசாலைக்கு வந்தான்.

பூண்டுக் கடுகு தோலை ஒன்றும் செய்யாது. அதன் இலையைச் சம்பலாக அரைத்து உண்பவர்களும் உண்டு. ஆகையால் அந்தப் பாடத்தை எழுதியவர்களுக்குக் கையுறை பற்றி நினைக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. பாத்தீனியத்திலுள்ள பாத்தீனின் என்ற வேதிப்பொருளோ தோல் ஒவ்வாமையைத் தூண்டுவது. அதன் மகரந்தம் மூக்கடைப்பையும் இழுப்பையும் உண்டாக்கக்கூடியது. முதல்முறை தொட்டவுடன் எல்லோருக்கும் இது வருவதில்லை. திரும்பத் திரும்பத் தொட்டுப் பழகிய உடல் ஒருநாள் எதிர்க்கத் தொடங்குகின்றது. அந்தப் பையனின் வீட்டுக் கோடியிலும் பாத்தீனியம் நிறைந்திருந்ததைப் பின்னர் போய்ப் பார்த்தபோது கண்டோம். அன்று நாற்பது பிள்ளைகள் வெறுங்கையோடு பிடுங்கினார்கள். மற்றவர்களுக்கு ஒன்றும் வராதது எங்கள் திறமையால் அன்று.

இரண்டாவது பிழை மெதுவாக வெளிப்பட்டது. பூண்டுக் கடுகு ஈராண்டுச் செடி. முதலாண்டில் நிலத்தோடு ஒட்டிய இலைக்கொத்தாக இருந்து, இரண்டாமாண்டின் இளவேனிலில்தான் பூத்துக் காய்க்கும். பூக்கும் பருவத்தில் பிடுங்கிப் பையில் கட்டினால் விதை விழுமுன் வேலை முடிந்துவிடும். பாத்தீனியத்தில் அரும்பும் பூவும் முற்றிய விதையும் ஒரே செடியில் ஒரே நாளில் இருக்கும். பூத்த செடிகளைப் பிடுங்கி, வாய் கட்டாத உரச் சாக்குகளில் திணித்து, மைதானத்தின் குறுக்கே வாசல்வரை இழுத்துச் சென்றோம். தைப்பொங்கல் விடுமுறை முடிந்து வந்தபோது, பின்வேலியிலிருந்து படலைவரைக்கும் சாக்கு இழுபட்ட அதே தடத்தில், நூல் பிடித்தாற்போல் ஒரு பச்சைக் கோடு முளைத்திருந்தது. பரம்பல் பற்றிய பாடத்துக்கு அதைவிடச் சிறந்த படம் எந்தப் பட்டியலிலும் கிடைக்காது. அதைப் படமெடுத்து வைத்திருக்கின்றோம்.

இந்த இரண்டு பிழைகளுக்கும் பட்டியலில் இருந்த பதிவு பொறுப்பில்லை என்றும் சொல்லலாம், பொறுப்பு என்றும் சொல்லலாம். சாதனம் என்ன என்பதை அது சரியாகவே விவரித்தது. அந்தச் சாதனம் எவற்றையெல்லாம் தனக்குள் அனுமானித்துக்கொண்டிருக்கின்றது என்பதை எழுதுவதற்கு அதில் இடமே இல்லை. தொட்டால் தீங்கில்லாத செடி, ஆண்டுக்கு ஒருமுறை விதைக்கும் செடி, இளவேனில் என்றொரு பருவம், கட்டுவதற்குத் தடித்த பை, அவற்றை ஏற்றிச்செல்லும் நகரசபை வண்டி: இவை ஐந்தும் அந்தப் பாடத்தின் எழுதப்படாத பகுதி. மாற்றிக்கொள்ளலாம் என்ற அந்த ஒரு வரியை நம்பியது எங்கள் குற்றம்.

திருத்திய பாடத்தில் மாணவர் செடியைத் தொடுவதில்லை. ஒரு மீற்றர் சதுரச் சட்டத்தைத் தரையில் வைத்து, அதற்குள் உள்ள இலைக்கொத்துகளை எண்ணுவார்கள். பாடசாலை வளவின் வரைபடத்தில் குறிப்பார்கள். பூத்த செடி கண்டால் அருகில் ஒரு தடியை ஊன்றிவிட்டு விலகுவார்கள். மழை விழுந்து இரண்டு மூன்று கிழமைக்குள், செடி நிலத்தோடு ஒட்டியிருக்கும்போதே, பெரியவர்கள் உழவாரத்தால் வேரோடு செதுக்கிவிடுவார்கள். பூத்துவிட்ட செடிகளைக் கையுறையும் முகக்கவசமும் நீளக்கைச் சட்டையும் அணிந்த பெரியவர்கள் மட்டும், நின்ற இடத்திலேயே வாய்கட்டிய பைக்குள் இடுவார்கள்.

படமும் உரிமமும்

இலைக்கொத்துப் பருவத்தில் செதுக்க வேண்டுமென்றால் அந்தப் பருவத்தில் அடையாளம் தெரிய வேண்டும். பட்டியலில் நாங்கள் திறந்து பார்த்த படங்களில் பெரும்பாலானவை வெள்ளைப் பூவோடு நிமிர்ந்து நிற்கும் செடியையே காட்டின. நிறப்படத்தை எங்கள் போட்டோக்கொப்பி இயந்திரத்தில் போட்டபோது, பூக்கள் தாளின் வெள்ளையோடு கலந்து மறைய, இலைகள் ஒரு கரிய அப்பலாக வந்தன. அதற்கும் மேலாக, இளஞ்செடியின் பிளவுபட்ட இலையைக் கண்ட தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை ஒன்று, "ரீச்சர், இது கரட் எல்லோ?" என்று கேட்டது. கரட் பாத்திக்குள் முளைத்த பாத்தீனியத்தைத் தகப்பனார் கூடச் சில வேளை விட்டுவிடுவதாகவும் சொன்னது. பட்டியலில் "ஒத்த தோற்றமுள்ளவை" என்ற தலைப்பில் தேடியபோது கிடைத்தவை வட அமெரிக்கக் காட்டுச் செடிகள். ஆகவே சித்திரம் கற்பிக்கும் ஆசிரியையைக் கொண்டு, கரட் இலையையும் செவ்வந்தி இலையையும் பாத்தீனிய இலையையும் அருகருகே வைத்துக் கறுப்பு மையால் கோட்டுப்படம் வரைவித்தோம். பாத்தீனிய இலையில் உள்ள மென்மயிரும், கொத்து நிலத்தில் தட்டையாகப் படிந்திருப்பதும், கசக்கினால் கரட்டுக்குரிய மணம் வராததும் குறிப்புகளாயின. கசக்கிப் பார்ப்பது ஆசிரியரின் வேலை, அதுவும் கையுறையோடு.

உரிமம் பற்றி ஆசிரியர்கள் பொதுவாகக் கவலைப்படுவதில்லை. நாங்களும் இலவசமாகக் கிடைப்பதெல்லாம் மொழிபெயர்க்கக் கூடியது என்றே எண்ணியிருந்தோம். கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமங்களில் "வழிப்படைப்புகள் கூடாது" என்ற நிபந்தனை உள்ள சாதனத்தை அப்படியே பிரதி எடுத்துக் கொடுக்கலாம், ஆனால் தமிழாக்கிப் பகிர முடியாது; மொழிபெயர்ப்பும் ஒரு வழிப்படைப்பே. நாங்கள் மிகவும் விரும்பிய ஒரு விளையாட்டு அட்டைத் தொகுதி இந்த நிபந்தனையில் சிக்கியது. அமெரிக்க மத்திய அரசின் ஊழியர்கள் கடமையின் பொருட்டு ஆக்கியவற்றுக்கு அந்நாட்டில் பதிப்புரிமை இல்லை. ஆனால் மாநிலப் பல்கலைக்கழகங்களின் வெளியீடுகளுக்கு அது பொருந்தாது, அரச வெளியீட்டுக்குள் இருக்கும் தனியாரின் புகைப்படத்துக்கும் பொருந்தாது. முதலில் உரிமத்தைப் பார்த்து வடிகட்டிவிட்டுப் பின் உள்ளடக்கத்தைப் படிப்பது என்ற ஒழுங்கை இரண்டாம் மாதத்தில்தான் கற்றோம். விளையாட்டு அட்டை ஆக்கியோருக்கு மின்னஞ்சல் எழுதினோம்; இரண்டே நாளில் அனுமதி வந்தது. கேட்பதற்கு நாங்கள் எடுத்துக்கொண்ட காலம் அதைவிட அதிகம்.

லாண்ட்மாஸ்டரின் சில்லு

"கழுவு, வடி, உலர்த்து" படகுகளுக்கு எழுதப்பட்டது. அதே பட்டியலில், அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்துச் சாதனங்கள், பாத்தீனிய விதை வாகனங்களாலும் பண்ணைப் பொறிகளாலும் பரவுவதை விளக்கி, அவற்றைக் கழுவும் நிலையங்களைப் பற்றிப் பேசின. எங்களிடம் கழுவும் நிலையம் இல்லை. ஆனால் லாண்ட்மாஸ்டர் என்று நாங்கள் அழைக்கும் இருசில்லு உழவு இயந்திரம் ஒன்றே, மழைக்குப் பின் செம்மண் ஈரத்தோடு இருக்கும் சில நாட்களுக்குள், ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்கு வாடகைக்கு ஓடிக்கொண்டே இருக்கும். சில்லின் பள்ளங்களிலும் கலப்பையிலும் அப்பிய மண் அதனோடு போகும். போதனாசிரியரின் அறிவுரைப்படி, கிணற்றடிப் பம்பியின் குழாயை ஐந்து நிமிடம் சில்லுக்குப் பிடிப்பது என்ற ஒரே செய்தியை மட்டும் ஒரு தாளில் எழுதி உரிமையாளர்களிடம் கொடுத்தோம். அவர்களுள் ஒருவர், "சேர், ஐஞ்சு நிமிசம் எண்டால் ஒரு பரப்பு உழவு" என்று போதனாசிரியரிடம் கணக்குக் காட்டினார். அது நியாயமான கணக்கு. தோட்டக்காரரே, உழவு தொடங்குமுன் தன் படலையில் வைத்துச் சில்லைக் கழுவிக் கொடுப்பது என்று பேச்சு முடிந்தது; தன் காணிக்குள் விதை வராமல் இருப்பதில் அக்கறை உள்ளவர் அவர்தானே.

மாடுகளையும் மேய்ச்சல் நிலங்களையும் பற்றிய குயின்ஸ்லாந்துப் பக்கங்களைப் பெரும்பாலும் விட்டுவிட்டோம். 1984 இல் இந்தியாவில் விடப்பட்ட மெக்சிக்கோ வண்டு பாத்தீனிய இலையைத் தின்னும் என்று படித்த மாணவர் அதைக் கொண்டுவரலாமா என்று கேட்டார்கள். உயிருள்ள பூச்சியை நாட்டுக்குள் கொண்டுவருவது தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அனுமதி பெற்றே செய்யப்பட வேண்டியது என்பதைச் சொல்லி, அந்தக் கேள்வியையே ஒரு விவாதப் பொருளாக்கினோம்.

தேடிக் கிடைக்காதது

பட்டியல் எங்களை ஏமாற்றிய இன்னோர் இடம் உண்டு. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்றது. அதே ஆண்டு டிசெம்பரில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்ற நகர மலேரியா நுளம்பு முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. கிணறுகளிலும் சீமெந்துத் தொட்டிகளிலும் பெருகும் இனம் அது. வீட்டுக்கு வீடு கிணறுள்ள குடாநாட்டுக்கு, பரவும் இனம் என்ற பாடத்தில் இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு அரிது. பட்டியலிலோ அது இல்லை. நுளம்பு சுகாதாரத் துறைக்குரியது என்று வேறு பெட்டிக்குள் போடப்பட்டுவிட்டது. கிணற்றில் மீன் விடுவது பற்றிய துண்டுப்பிரசுரங்களை வேறிடங்களில் தேடியபோது, நுளம்பு மீன் என்று பெயர்பெற்ற கம்பூசியாவை அவை பரிந்துரைத்தன. அந்த மீனும் மேலே சொன்ன 100 இன நிரலில் உள்ளது. ஆகவே நுளம்புப் பாடத்தை இவ்வாண்டு தனியாக, சுகாதாரப் பரிசோதகரின் துணையோடு எழுதுகின்றோம்.

திருப்பிக் கொடுத்த பதிவு

எங்கள் மூன்று சாதனங்களையும் பட்டியலுக்குச் சமர்ப்பித்தபோது, மொழி என்ற இடத்தில் தமிழ் இருக்கவில்லை. "ஏனையவை" என்பதைத் தெரிவுசெய்ய வேண்டியதாயிற்று. பருவம் என்று ஓர் இடம் இருந்தது. அதில் நான்கு மேலைநாட்டுப் பருவங்களே தரப்பட்டிருந்தன. குறிப்புப் பகுதியில், இது ஐப்பசி முதல் மார்கழி வரை, மழை தொடங்கியபின், செடி பூக்குமுன் நடத்த வேண்டிய பாடம் என்றும், மாணவர் செடியைத் தொடக்கூடாது என்றும், கறுப்பு வெள்ளைப் பிரதிக்கு ஏற்றது என்றும் எழுதினோம். எங்கள் பாடம் எவற்றை அனுமானித்துக்கொள்கின்றது என்பதையும் எங்களால் இயன்றவரை சேர்த்தோம்: செம்மண், கிணற்றுப் பம்பி, உழவாரம் பிடிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர்.

வெளியான பதிவைத் தேடிப் பார்த்தபோது ஒன்று புலப்பட்டது. தேடல் விடைகளில் தலைப்பு மட்டுமே தெரிகின்றது; குறிப்பைப் படிக்க இரண்டு முறை அழுத்தி உள்ளே போக வேண்டும். நாங்கள் பூண்டுக் கடுகுப் பாடத்தைத் தரவிறக்கியபோது அத்தனை தூரம் போகவில்லை. எனவே பதிவைத் திருத்தக் கேட்டு, "பாத்தீனியத்தை எண்ணுவோம்" என்றிருந்த தலைப்பை, "பாத்தீனியத்தை எண்ணுவோம்: மாணவர் கையால் தொடக்கூடாத செடி" என்று மாற்றிக்கொண்டோம்.